மேட்டுக்கு ஏறிய ஒற்றையடிப் பாதை

"சேவை உறுப்பினர், பாலைவன வளங்கள் கண்காணிப்பு மற்றும் மறுசீரமைப்பு: உற்சாகமும் தலைமைப் பண்பும் நிறைந்தவர். துடிப்பான குழுவில் ஒருவராக இயங்குபவர். பலதரப்பட்ட மக்களோடு தயக்கமின்றிப் பழகி அவர்களை இயற்கையின் அருகே அழைத்துவருபவர். நாளைய பூமியின் முகத்தை மாற்றப்போகிறவர்."

மரிசெலா ஒசுனாவுக்கு வேலை உத்தரவோடு வந்த தாளில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. உற்சாகம் என்று சொல்லத்தக்க எதையும் அவளிடம் யாரும் பார்த்ததில்லை. குழு என்றால் அவளும் ட்ரெவின் என்ற பையனுமாக இரண்டு பேர். நவம்பர் கடைசியில் அவன் போனபிறகு அவளும் ஒரு பிக்கப் வண்டியுமாக இரண்டு. மக்களை இயற்கையின் அருகே அழைத்துவருவதா, அதற்கு நேர் எதிரான காரியத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம். பூமியின் முகத்தை அவள் மாற்றவும் இல்லை. அது எப்போதும் இப்படியேதான் இருந்தது என்று பார்க்கிறவர்களை நம்பவைப்பதுதான் வேலை.

மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது அந்தப் பூங்கா. பூங்கா என்றதும் பெஞ்சையும் புல்தரையையும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் காரைவிட்டு இறங்காமலே திரும்பிவிடுவார்கள். அவர்களால் நிலத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதலெல்லாம் பாலைவனத்தை நேசிக்கிறவர்களால்தான். நேசிக்கிறவர்கள் ஜீப்பில் வந்தார்கள். சாலையிலிருந்து ஒரு மேட்டின்மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, ஓர் ஊற்றுவரைக்கும் தாங்களாகவே தடம் போட்டுக்கொண்டார்கள். ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்த காட்டு ஆடுகள், ஜீப்புகள் வர ஆரம்பித்ததும் வருவதை நிறுத்திக்கொண்டன.

அந்தத் தடத்தை மறைப்பதுதான் மரிசெலாவின் வேலை. வேலி போட்டால் நேசிக்கிறவர்கள் வெட்டிவிடுவார்கள். பலகை வைத்தால் துப்பாக்கியால் சுட்டுப் பழகுவார்கள். ஆகவே கண்ணை ஏமாற்ற வேண்டும். மழைக்கால ஓடைகளில் செத்துக்கிடக்கிற கிரியோசோட் என்கிற பாலைவனப் புதர்களைப் பொறுக்கிவந்து, தடத்தின்மேல் குழி தோண்டி, உயிரோடு நிற்பதுபோல் நட வேண்டும். இடையிடையே கற்களைப் பரப்ப வேண்டும். பாலைவனத்துக் கல்லுக்கு வெயில் பார்த்த முதுகு கறுப்பு, மண் பார்த்த வயிறு வெளுப்பு. ஒரு கல் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தாலும், யாரோ இங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை, அதாவது மேட்டின் உச்சிவரை, மறைத்தால் போதும். உச்சிக்கு அப்பால் பழைய தடம் அப்படியே முழுசாகக் கிடக்கும். இல்லாத வழியில் யாரும் போகமாட்டார்கள், போகாத இடத்தில் இருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது கணக்கு.

வசந்தம் முடிந்து மே மாதத்தில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். புதிய சுவடு எதுவும் இல்லையென்றால் அந்தத் தடம் பூங்காவின் வரைபடத்திலிருந்தே நீங்கிவிடும். சுவடு இருந்தால் எதற்கு வீண் சண்டை என்று அதையே முறையான சாலையாக அறிவித்துவிடுவார்கள். ஊற்றின் கதை அதோடு சரி.

மரிசெலாவும் ட்ரெவினும் இலையுதிர் காலம் முழுக்க நட்டு, மேட்டின் உச்சியை எட்டினார்கள். எட்டிய வாரமே ட்ரெவினுக்கு வெளியில் வேலை கிடைத்தது.

"சோலார் கம்பெனி. அவங்க தகடு போடற இடத்துல ஆமை வருதான்னு பாக்கணும், அவ்வளவுதான்," என்றான் பெட்டியைக் கட்டிக்கொண்டே. "ஏசி வண்டி தர்றாங்க. நீயும் வந்துடு."

"ஆமை வருமா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் வரல. வந்தாத்தான் வேலை. வரலைன்னா சம்பளம் மட்டும்."

அவனுக்குப் பதில் ஆள் வருவார் என்று சொன்னார்கள். பாலைவனத்தில் மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் அதையும் சொன்னார்கள்.

இரண்டு பேருக்கான டிரெய்லர் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். காலையில் வண்டியை எடுக்கும்போது ரேடியோவில் "கிளம்பறேன்" என்று சொல்ல வேண்டும், திரும்பியதும் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் ஓர் ஆண்குரல் "சரி" என்னும். அந்தக் குரலுக்குப் பெயர் என்னவென்று அவள் கேட்டதில்லை. கேட்பதற்கு அது இடமும் கொடுத்ததில்லை. சில நாட்களில் அவள் நாள் முழுக்கப் பேசியது அந்த இரண்டு சொற்கள்தான். மேலதிகாரி மார்னி ஹால்வர்சன் தாவர நிபுணர். முப்பத்தைந்து வயதில் மூன்று பூங்காக்களைத் தலையில் கட்டிக்கொண்டு அல்லாடுகிறவள், மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் அதிகம்.

டிரெய்லரில் செல்போன் எடுக்காது. அலுவலகத்தில் எடுக்காது. பக்கத்து ஊரான ஹார்லன் வெல்ஸுக்குப் போனால் எடுக்கும், ஆனால் அது ஒன்றரை மணி நேரப் பயணம். சொந்த வேலைக்கு அரசாங்க வண்டியைத் தொடக் கூடாது, அவளுடைய பழைய காரோ அந்தச் சாலையில் டயரைத் தின்றுவிடும். போன் எடுக்கும் ஒரே இடம் அந்த மேட்டின் உச்சி. கடைசிப் புதரை நட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் இருந்த போன் திடீரென்று துடித்து, அம்மா ஒடிலியா ஒரு மாதமாக அனுப்பியிருந்த செய்திகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கக்கியது. அங்கே போன் எடுக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மாலையில் மேடு ஏறுவது வழக்கமாயிற்று. நட்டு மறைத்த தடத்தின்மேல் நடக்க முடியாது. அதன் ஓரமாக ஏறினாள். அங்கே மண்ணின்மேல் கறுப்பாகப் பொரிந்து மெல்லிய தோல் ஒன்று படர்ந்திருக்கும். பார்த்தால் கரித்தூள் மாதிரி, ஆனால் உயிருள்ளது, மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரு மிதி பட்டால் மறுபடி வளர ஓர் ஆயுள் ஆகும். மரிசெலா மனசாட்சி உள்ள பெண். புதிதாக ஓர் இடத்தையும் மிதிக்கக் கூடாது என்று, முதல் நாள் வைத்த அடியிலேயே மறுநாளும் அடிவைத்தாள். அதற்கு மறுநாளும். குளிர்காலம் முழுக்க ஓர் அங்குலம் பிசகாமல் அதே அடிகளில் ஏறினாள், இறங்கினாள்.

"சாப்டியா?" என்பாள் ஒடிலியா. ஃப்ரெஸ்னோ பக்கத்தில் பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை. பின்னால் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

"சாப்டேன்மா."

"என்ன?"

"பீன்ஸ்."

"நேத்தும் பீன்ஸ்தானே?"

"டப்பா பெருசும்மா."

"இன்னிக்கி என்ன வேலை பாத்த?"

"செடி நட்டேன். கீழ சாஞ்சதையெல்லாம் நிமித்தி நட்டேன்."

"உயிரோட இருக்கற செடியா?"

"இல்லம்மா."

"உங்க ரமீரோ மாமா கேட்டான், பொண்ணு என்ன பண்றான்னு. பார்க்ல ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கேன். செத்த செடிய நடறான்னு நான் எந்த வாயால சொல்றது? உங்க அப்பாவும் ஆயுசு முழுக்க நட்டாரு. அது துளுத்துச்சு, காச்சுது, யாரோ ஒருத்தன் பணக்காரன் ஆனான். நீ நடறது எதுக்குடி?"

"ஒண்ணும் நடக்கலங்கற மாதிரி இருக்கறதுக்கும்மா."

"இதுக்குத்தான் நாலு வருஷம் காலேஜுக்குப் போனியா?"

திட்டு வாங்கிக்கொண்டு இறங்குவாள். இறங்கும்போது உடம்பு லேசாக இருக்கும். திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறாள் என்பது ரேடியோக் குரல் சொல்கிற 'சரி'யைவிட எவ்வளவோ மேல்.

மார்ச் மாதம் மஞ்சள் பூக்கள் வந்தன. பூவைத் தொடர்ந்து நகரத்துக் கார்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை மாலை மரிசெலா மேடு ஏறியபோது, மறுபுறம் ஊற்றுக்குப் பக்கத்தில் துணி விரித்து இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கிப் போனதும், சீருடையைப் பார்த்து ஆண் எழுந்து நின்றார். ஹாக்கோப், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கிளெண்டேலில் செருப்புக்கடை. மனைவி பெயர் ஷூஷான். ஆர்மீனியர்கள்.

"இங்க வரக் கூடாதுங்க," என்றாள் மரிசெலா. நாள் முழுக்கப் பேசாத குரல் கரகரத்தது.

"ஏன் மேடம்? பாதை இருக்கே."

"இங்க பாதை இல்லைங்க."

"பார்க் வாசல் போர்டுல 'பாதையை விட்டு விலகாதீர்கள்'னு போட்டிருந்துது," என்றாள் ஷூஷான் வெள்ளரிக்காயை நறுக்கியபடி. "எங்க வீட்டுக்காரர் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு போர்டுக்குக் கட்டுப்பட்டிருக்கார். அவரைப் போய்த் திட்டறீங்களே."

"ஒரு அடி விலகல," என்றார் ஹாக்கோப், அடிபட்டவர்போல. "நீங்களே பாருங்க. ரெண்டு பக்கமும் அந்தக் கறுப்பு மண்ணு, எங்க காலே படல."

அவர் காட்டிய பக்கம் மரிசெலா திரும்பிப் பார்த்தாள். மாலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தினமும் தன் காலைப் பார்த்துக்கொண்டே ஏறியவள், அந்தச் சரிவை இப்படித் தள்ளி நின்று பார்த்ததில்லை. அவள் போனில் பேசிக்கொண்டு நிற்கிற உச்சி வட்டமாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. அங்கிருந்து அவள் அவ்வப்போது உலாவுகிற வழி மேட்டைச் சுற்றி இறங்கி, பழைய ஜீப் தடத்தோடு கைகோத்திருந்தது. உச்சிக்கு ஓடினாள். சாலைப் பக்கம், நட்டு மறைத்த புதர்களுக்கு இணையாக, வகிடு எடுத்ததுபோல ஓர் ஒற்றையடிப் பாதை. கோணல் இல்லை, அகலம் மாறவில்லை. பூங்காவின் பணத்தில் போட்டதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஜீப் தடத்தை மறைத்தவளே மறைத்த இடத்துக்கு வழியும் போட்டிருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது ஷூஷான் காகிதம்போல் மெல்லிய ரொட்டியில் பாலாடைக்கட்டியும் பச்சைத் தழையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "திட்டறதுன்னா சாப்ட்டுட்டுத் திட்டுங்க," என்று நீட்டினாள். "தனியாவா இருக்கீங்க இங்க?"

"ஆமாங்க."

"பயமா இல்லையா?"

"எதுக்கு? யாருமே இல்லையே."

"அதைத்தான் கேட்டேன்."

மரிசெலா அவர்களை உடனே வெளியேற்றியிருக்க வேண்டும். மூன்று சுருள் ரொட்டி சாப்பிட்டாள். ஹாக்கோப் கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னார். ஷூஷான் ஒவ்வொன்றையும் திருத்தினாள். சூரியன் விழும்வரை உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது ஷூஷான் மிச்ச ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்ய மறந்துபோனது.

மறுநாளே பாதையைக் கலைத்திருக்கலாம். ரேடியோவில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலைத்துவிட்டு எப்படி மேடு ஏறுவது என்று ஒரு காரணம் இருந்தது, அது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணமும் ஒன்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் தலைவாரிக்கொண்டு போனாள். யாரோ போனில் படம் போட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவர் வந்திருந்தார்கள். அதற்கடுத்து நெவாடாவிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து தன் முழங்கால்களைப் பற்றி, முதலில் வலது, பிறகு இடது என்று விரிவாகப் பேசினார். மரிசெலா கடைசிவரை கேட்டாள். எல்லோரிடமும் இங்கே வரக் கூடாது என்று சொன்னாள். அவளுக்கே கேட்காத குரலில்தான் சொன்னாள்.

நாலு பேர் நடந்தால் நிலம் செத்துவிடுமா என்று தனக்குத்தானே வாதாடினாள். ஜீப்பா வந்தது? கால்தானே.

ஏப்ரல் பிறந்ததும் ஒரு திங்கள்கிழமை மோட்டார் சைக்கிள் வந்து போயிருந்தது. ஓட்டியவன் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து ஏறி, போதவில்லை என்று அகலப்படுத்தி, நட்ட புதர்களில் ஒரு வரிசையைச் சாய்த்து, உச்சியில் சறுக்கித் திரும்பி விளையாடிவிட்டு, ஊற்றுவரைக்கும் இறங்கியிருந்தான். கறுப்பு மண் உரிந்து, அடியிலிருந்த வெளிர்மண் புண்போல் தெரிந்தது. கற்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மரிசெலா ஒரு புதரை எடுத்து அதன் பழைய குழியிலேயே வைத்துப் பார்த்தாள். நின்றது. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு போய் ரேடியோவில் மார்னியை வரச்சொன்னாள். மறுமுனைக் குரல் "சரி" என்றது.

மார்னி வந்தாள். சாலையில் நின்று மேலே பார்த்தாள். டயர் தடத்தைவிட அதன் நடுவில் இருந்த பழைய பாதையைத்தான் அதிக நேரம் பார்த்தாள். பிறகு மரிசெலாவின் பூட்ஸைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் மரிசெலா, கேட்பதற்கு முன்பே. "மேல போன் எடுக்கும். தினம் ஏறினேன். மண்ணு கெடக் கூடாதுன்னு ஒரே அடியில நடந்தேன்."

"தெரியுது. கயிறு கட்டி அளந்த மாதிரி இருக்கு." மார்னி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு பக்கத்தில்தான் இருந்தது. "தடமே இல்லாத இடத்துல அடிய மாத்தி மாத்தி வைக்கணும்னு பயிற்சியில சொல்லலியா?"

"சொன்னாங்க. மனசு கேக்கல. ஒவ்வொரு அடிக்கும் புதுசா ஒரு இடத்தை மிதிக்கணுமே."

"மனசு கேட்டவன் பைக்ல வந்துட்டான்." அவள் தொப்பியைக் கழற்றிக் காற்று வாங்கினாள். "இப்ப ரெண்டு வழிதான். இதைப் பாதைன்னே ஒத்துக்கிட்டு ஒரு போர்டு வெச்சுடலாம். ஜனங்க வருவாங்க. உனக்கும் போனுக்குப் போன மாதிரி இருக்கும், பேச்சுத்துணைக்கும் ஆச்சு. ஆடு வராது. இல்லைன்னா மூடணும். மே மாசத்துக்குள்ள ஒரு ஆளால முடியுமான்னு எனக்குத் தெரியல. மூடினா அப்புறம் யாரும் ஏறக் கூடாது."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான். நீ எதைச் சொன்னாலும் நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு இன்னும் ரெண்டு பார்க் இருக்கு, அங்கயும் யாரோ எதையோ பண்ணி வெச்சிருப்பாங்க."

மரிசெலா மேட்டைப் பார்த்தாள். அது பதில் சொல்லும் வகையைச் சேர்ந்த மேடு அல்ல.

"மூடிடறேன்," என்றாள்.

அன்று மாலை அவள் கடைசியாக ஏறினாள். ஒடிலியா எடுத்ததும் வழக்கம்போல், "சாப்டியா?" என்றாள்.

"நாளையிலேருந்து தினமும் கூப்பிட முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போனாத்தான்."

"ஏன், போன் ஒடஞ்சுடுச்சா?"

"இல்லம்மா. நான் நடந்து நடந்து இங்க பாதை ஆயிடுச்சு."

"நடந்தா பாதை ஆகத்தான் செய்யும். அதுக்கு?"

"ஆகக் கூடாதும்மா."

"பெத்தவகிட்ட பேசாம இருக்கறதுக்கு ஒரு புல்லு காரணமா?"

"புல்லு இல்லம்மா. மண்ணு."

"அது இன்னும் மோசம்."

பின்னால் எந்திரம் நின்றுவிட்டிருந்தது. கொட்டகையில் ஆட்கள் கலைகிற சத்தம். "மிஹா," என்றாள் ஒடிலியா, மகளே என்று தன் மொழியில். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவாள். "அந்த வேலைய விட்டுட்டு வந்துடேன். இங்க தரம் பிரிக்க ஆள் கேக்கறாங்க. பேசிக்கிட்டே செய்யலாம். இருபது பொம்பளைங்க இருக்கோம், வாய் ஓயவே ஓயாது."

"மே மாசம் வரைக்கும் இருந்துட்டு வரேன்மா."

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

பொய் சொல்ல மரிசெலாவுக்கு வராது. உண்மை அந்தச் சமயத்துக்கு உதவாது. அதற்குள் ஒடிலியாவின் பேருந்து வந்துவிட்டது.

மூடும் வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும். பின்னோக்கி நடந்து, நட்டு, பரப்பி, தன் சுவட்டையும் துடைப்பத்தால் கலைத்துக்கொண்டே இறங்க வேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அவள் உச்சியிலிருந்து தொடங்கினாள். செத்த புதர்களுக்காகத் தூரத்து ஓடைவரை போனாள். பக்கத்து ஓடையில் மிச்சமில்லை. ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து முதுகு எது, வயிறு எது என்று பார்த்து வைத்தாள். விதை வந்து தங்குவதற்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள் குத்திவிட்டாள். முதல் நாள் வேலை முடிந்தபோதே உச்சி அவளுக்கு இல்லாமல் போயிற்று. சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் இரண்டடி கீழே இறங்கியிருந்தாள், சிக்னல் போய்விட்டது.

ஹாக்கோப்பும் ஷூஷானும் ஒருநாள் வந்தார்கள். அப்போது அவள் சரிவின் பாதியில் இருந்தாள். கீழே சாலையில் கார் நின்றது. இருவரும் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். ஹாக்கோப் இந்தப் பக்கம் என்றார், ஷூஷான் இல்லை அடுத்த வளைவு என்றாள். அந்த வாக்குவாதத்தில் பாதி மேலே கேட்டது. புதர்களுக்கு நடுவே மண்ணிறச் சீருடையில் குனிந்திருந்தவளை அவர்கள் கவனிக்கவில்லை. கையை ஆட்டினால் போதும். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்கும். மரிசெலா கையில் ஒரு கல்லோடு அசையாமல் இருந்தாள். கார் அடுத்த வளைவைப் பார்க்கப் போயிற்று.

ஏப்ரல் முடியுமுன் சாலைக்கு வந்துசேர்ந்தாள். கடைசி அடியை ஒரு பாறைமேல் வைத்து, குனிந்து அதற்கு முந்தைய அடியைக் கலைத்தாள். அவள் சாலையோரம் நின்று துடைப்பத்தை உதறிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் மெதுவாக வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார்.

"இங்க பாக்கறதுக்கு ஏதாவது இருக்குதாங்க?"

அவள் திரும்பிச் சரிவைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

வேன் போய்விட்டது.

மே மாதம் அதிகாரிகள் வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கவில்லை. அவர்களில் ஒருவர், தடம் இருந்தது இந்த மேட்டில்தானா என்று மார்னியிடம் இரண்டுமுறை கேட்டார். ஆமாம் என்றாள் மார்னி. அவர் வரைபடத்தில் அந்தத் தடத்தின் கோட்டை அடித்து நீக்கினார். பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த மரிசெலாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, கொடுத்தாள்.

ஆடுகள் ஊற்றுக்குத் திரும்பி வந்தனவா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும்.

மரிசெலா ஒசுனா அந்தச் சரிவில் தன் கால்களால் போட்ட பாதையைச் செத்த புதர்களை நட்டுத் தனியாக மூடினாள். அதன்பிறகு அங்கே ஏறவில்லை.